எழுபத்தெட்டு வருசம் வாழ்ந்த ஒரு கழகம்

(தோட்ட விளையாட்டுக் கழகத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



விளையாட்டின் பயன்களைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி கழகத் தம்பிமார் கேட்டார்கள். விளையாடினால் உடம்புக்கு நல்லது, கெட்ட பழக்கம் வராது, ஒற்றுமை வளரும் என்பதெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டதுதான். அதையே நானும் சொன்னால் பின் வாங்கில் இருக்கிறவர்கள் நித்திரையாகிவிடுவார்கள். அதனால் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். அந்தக் கழகம் இன்று இல்லை. அதை உண்டாக்கி வளர்த்தவர்கள் நம்மைப் போலவே தோட்டத்துக்கு ஆள் கட்டிக் கொண்டுபோன சனத்தின் பிள்ளைகள். அதன் பெயர் மென்னிங் ரேஞ்சர்ஸ். ஊர் தென்னாபிரிக்காவில் உள்ள டேர்பன் துறைமுகப் பட்டணம்.

கரும்புத் தோட்டத்துச் சனம்

நம்ம பாட்டன் பூட்டன்மார் கோப்பித் தோட்டத்துக்கென்று கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரையில் தேயிலை போட்டார். கோப்பி நோய் வந்து அழிந்த பிறகு இந்த மலையெல்லாம் தேயிலையானது. அதே காலத்தில் அதே மதராஸ் மாகாணத்திலிருந்து வேறு கப்பல்களும் புறப்பட்டன. 1860 நவம்பர் 16ஆம் திகதி "ட்ரூரோ" என்ற கப்பல் 342 பேரோடு டேர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் என்ற அந்தப் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன முதல் கூட்டம் அதுதான். ஐந்து வருச ஒப்பந்தம். முதல் வருசம் மாதத்துக்குப் பத்து ஷில்லிங் சம்பளம். 1911 வரை இப்படிப் போனவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேர். அதில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசிய சனம்.

அங்கேயும் லயம் மாதிரியான வரிசை வீடுதான். அங்கேயும் கங்காணி மாதிரி ஒரு சர்தார். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க நினைத்தவர்கள் மேல் வருசத்துக்கு மூன்று பவுண் வரி போட்டார்கள். 1913இல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், 1914இல் அந்த வரி போனது. அந்தப் போராட்டத்தில் காந்தி இருந்தது உங்களுக்குத் தெரியும். அவரைச் சேர்ந்தவர்கள் சத்தியாக்கிரகிகள் என்ற பெயரிலேயே உதைபந்தாட்ட அணிகளை வைத்திருந்தார்கள் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

அந்தச் சனத்துக்கு உதைபந்தாட்டம் பிடித்துப் போனதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம், ஆயிரம் பேர் பார்க்கலாம். 1903இலேயே தென்னாபிரிக்க இந்தியர்களுக்கென்று "சாம் சைனா" கிண்ணப் போட்டி தொடங்கிவிட்டது. ராதெல்லையிலும் டரவெலயிலும் வெள்ளைக்காரத் துரைமார் ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடிய காலத்தில் நம்ம ஆட்கள் அந்த மைதானத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருந்ததையும் இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

1928இல் டேர்பனில் நாயுடு குடும்பத்தார் ஒருவர் முன்னின்று மென்னிங் ரேஞ்சர்ஸ் கழகத்தைத் தொடங்கினார்கள். முதல் கப்பல் வந்து அறுபத்தெட்டு வருசம் கழித்து. இது சம்பளத்துக்கு ஆடும் கழகமாகத் தொடங்கியதல்ல. வேலை முடிந்த பிறகும் ஓய்வு நாளிலும் ஆடுகிற கழகம், நம்ம கழகம் மாதிரி.

மைதானத்தைப் பூட்டிய காலம்

1948க்குப் பிறகு தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி வந்தது. யார் எந்த இடத்தில் குடியிருக்கலாம் என்பதை நிறத்தைப் பார்த்துச் சட்டம் சொன்னது. 1950இல் அதற்கான சட்டம் வந்தது. டேர்பன் பட்டணத்தில் பல தலைமுறையாக இருந்த இந்தியக் குடும்பங்களை வீட்டை விட்டு எழுப்பி, பட்டணத்துக்கு வெளியே சட்ஸ்வொர்த் என்ற இடத்தில் 1960களில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அந்தச் சட்ஸ்வொர்த்தின் மைதானம்தான் பிற்காலத்தில் மென்னிங் ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமாக இருந்தது.

விளையாட்டிலும் அப்படித்தான். வெள்ளையருக்கு ஒரு சங்கம், கறுப்பருக்கு ஒரு சங்கம், இந்தியருக்கு ஒரு சங்கம். ஒருவரோடு ஒருவர் ஆடக் கூடாது. இதை எதிர்த்து எல்லா இனத்தவரும் சேர்ந்து ஆடுகிற ஒரு லீக்கை 1961இல் தொடங்கினார்கள். அரசாங்கம் அதை நேரடியாகத் தடை செய்யவில்லை. மைதானம் கொடுக்காதே என்று நகரசபைகளுக்குச் சொல்லிவிட்டது. மைதானம் இல்லாமல் எப்படி ஆடுவது?

1963இல் ஜொகன்னஸ்பேர்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தியர்களுக்கென்று இருந்த மைதானத்தின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கோல் கம்பங்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டம் பார்க்க வந்த சனம் திரும்பிப் போகவில்லை. ஆயிரக்கணக்கான பேர் தகர வேலி மேல் ஏறிக் குதித்தார்கள். எங்கிருந்தோ கோல் கம்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்து நட்டார்கள். ஆட்டம் நடந்தது. தம்பிமாரே, கழகம் என்றால் அதுதான். பதினொரு பேர் மட்டும் கழகமில்லை. கம்பத்தைத் தோளில் தூக்கி வந்த சனமும் சேர்ந்ததுதான் கழகம்.

அந்த லீக் 1966இல் ஓய்ந்துபோனது. ஆனால் 1969இல் அதே கொள்கையோடு இன்னொரு தொழில்முறை லீக் வந்தது. இனம் பார்க்காத அந்த லீக்கில் மென்னிங் ரேஞ்சர்ஸும் ஆடியது. வேறு பக்கம் பெரிய பெரிய அணிகளும் பெரிய பணமும் இருந்தன. இவர்கள் டேர்பனிலேயே, பெரும்பாலும் இந்தியச் சனத்துக்கு முன்னால், ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வென்ற வருசம்

1990இல் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். பிரிந்து கிடந்த உதைபந்தாட்டச் சங்கங்கள் ஒன்றாயின. 1992இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் தென்னாபிரிக்காவை மறுபடியும் சேர்த்துக்கொண்டது. 1996இல் "பிரீமியர் சொக்கர் லீக்" என்ற புதிய தேசிய லீக் தொடங்கியது. 18 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 34 ஆட்டம்.

கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரட்ஸ் என்று இரண்டு கழகங்கள் அந்த நாட்டில் உண்டு. நாட்டில் பாதிப் பேர் ஒன்றுக்கு, மறுபாதி மற்றதுக்கு என்று சொல்வார்கள். அவ்வளவு பெரிய கழகங்கள். அந்த இரண்டில் ஒன்றுதான் முதல் கிண்ணத்தைத் தூக்கும் என்று எல்லாரும் இருந்தார்கள். கிண்ணத்தைத் தூக்கியது மென்னிங் ரேஞ்சர்ஸ். 1997ஆம் ஆண்டு நாட்டின் சம்பியன், கரும்பு வெட்டப் போன சனத்தின் பேரப்பிள்ளைகள் நடத்திய கழகம்.

அப்போதைய பயிற்சியாளர் கோர்டன் இகேசுண்ட். இவர் பிறகு வேறு மூன்று கழகங்களையும் இதே கிண்ணத்தை வெல்ல வைத்தவர். அணியில் கறுப்பர், வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் எல்லாரும் ஆடினார்கள். ஒரு காலத்தில் சேர்ந்து ஆடக்கூடாது என்று சட்டம் போட்ட நாட்டில், இந்தியர்களின் கழகம் என்று பேர் வாங்கிய கழகம் எல்லாரையும் சேர்த்துக்கொண்டுதான் வென்றது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பையன்கள் நம்ம டீமுக்கு ஆட வரலாமா என்று போன மாதம் வாசிகசாலையில் ஒரு வாக்குவாதம் நடந்ததாம். அதற்கு என் பதில் இதுதான்.

அடுத்த வருசம், 1998இல், ஆபிரிக்காக் கண்டத்தின் சம்பியன் கழகங்களுக்கான போட்டியில் கடைசி எட்டுக்குள் வந்தார்கள். மொரோக்கோவின் ராஜா கசப்ளாங்கா, ஐவரி கோஸ்ட்டின் அசெக், தன்சானியாவின் யங் ஆபிரிக்கன்ஸ் இருந்த பிரிவில் ஆடினார்கள். அந்த வருசம் அசெக் கழகமே கிண்ணத்தை எடுத்தது.

விற்றுப்போன கதை

இனி நீங்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். விளையாட்டில் கெட்டிக்காரர்களாக இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது.

சம்பளம் கொடுத்து ஆள் வைத்து ஆடுகிற கழகத்துக்குச் செலவு பெரிது. ஆட்டக்காரருக்குச் சம்பளம், பிரயாணம், தங்குமிடம், மைதான வாடகை. பெரிய லீக்கில் இருக்கும்வரை தொலைக்காட்சிப் பணம், விளம்பரப் பணம் வரும். கீழே இறங்கிவிட்டால் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நிற்காது. மென்னிங் ரேஞ்சர்ஸ் மேல் பிரிவிலிருந்து இறங்கியது. கையில் காசில்லை. 2006இல் கழகத்தை விற்றார்கள்.

கழகத்தை எப்படி விற்பது என்று ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டது. நல்ல கேள்வி. லீக்கில் ஆடுவதற்கு ஒரு இடம் இருக்கிறதில்லையா, அந்த இடம் ஒரு சொத்து. ஒரு கடை லைசன்ஸ் மாதிரி. அந்த இடம் யார் பேரில் எழுதியிருக்கிறதோ அவர்கள் விற்கலாம். வாங்கியவர் பேரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், உடுப்பின் நிறத்தைக்கூட மாற்றலாம். மழையிலும் வெயிலிலும் எழுபத்தெட்டு வருசம் கைதட்டிய சனத்திடம் யாரும் ஒப்பம் கேட்க வேண்டியதில்லை.

வாங்கியது "ஃபிடென்ஷியா" என்ற நிதிக் கம்பனி. கழகத்தின் பேர் "ஃபிடென்ஷியா ரேஞ்சர்ஸ்" ஆனது. இந்தக் கம்பனியைப் பற்றி நம்மைப் போன்ற தொழிலாளர் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்டில் சுரங்க வேலை செய்து இறந்துபோனவர்களுடைய விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் சேரவேண்டிய பணம் ஒரு நம்பிக்கை நிதியத்தில் இருந்தது. நம்ம ஊழியர் சேமலாப நிதி மாதிரி, வியர்வை சிந்திச் சேர்த்த காசு. அந்த நிதியமும் ஃபிடென்ஷியாவின் கைக்குப் போனது. 2007 பெப்ரவரியில் நீதிமன்றம் கம்பனியின் நிர்வாகத்தைப் பறித்து வேறு ஆட்களிடம் கொடுத்தபோது, அந்த ஏழைகளின் பணத்தில் நூறு கோடி ராண்டுக்கு மேல் ஓட்டை விழுந்திருந்தது. கம்பனித் தலைவருக்கு 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 15 வருசச் சிறைத் தண்டனை கொடுத்தது.

கம்பனி விழுந்ததும் கழகத்தின் அந்த இடம் மறுபடி கை மாறியது. "ஈகாபா ஸ்போட்டிங்" என்ற பேரில் கேப் டவுன் பட்டணத்துக்குப் போனது. டேர்பனிலிருந்து கேப் டவுனுக்கு ரோட்டு வழியே சுமார் 1,600 கிலோமீட்டர். சட்ஸ்வொர்த்தில் இருக்கிற ஒரு தாத்தா ஞாயிற்றுக்கிழமை நடந்து போய்ப் பார்க்கிற தூரமா இது?

யோசித்துப் பாருங்கள். வீட்டை விட்டு எழுப்பினார்கள், கழகம் சாகவில்லை. மைதானத்தைப் பூட்டினார்கள், சாகவில்லை. பெரிய கழகங்களோடு மோதி வென்றும் காட்டியது. அப்படிப்பட்ட கழகத்தை ஒரு விற்பனைப் பத்திரம் இல்லாமல் ஆக்கிவிட்டது. அதைத் தொடங்கிய குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. சொந்தக் காசு போட்டு எத்தனையோ வருசம் தாங்கியவர்களாக இருப்பார்கள். ஆனால் பாரம் ஒரு வீட்டின் மேல் இருந்தால், அந்த வீடு களைத்துப்போகிற நாளில் கழகமும் விழும்.

நம்ம பக்கம் பார்ப்போம்

இப்போது நம்ம தோட்டங்களுக்கு வருவோம். அட்டன், நோர்வூட், தலவாக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஒரு டீம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று பல இடங்களில் கோல் கம்பம் மட்டும் நிற்கிறது. அதில் மாடு கட்டியிருக்கிறார்கள். அந்தக் கழகங்கள் எல்லாம் எப்படி இல்லாமல் போயின? யாரும் வந்து மூடவில்லை. செயலாளர் தம்பி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார், வரவு செலவுக் கொப்பி அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. பொருளாளர் வெளிநாடு போனார், வங்கிப் புத்தகம் அவர் பேரில் இருக்கிறது. தேர்தல் காலத்தில் ஒருவர் உடுப்பும் பந்தும் கொடுத்தார், கழகத்தின் பேர் அவர் பேராக மாறியது. அடுத்த தேர்தலில் அவரும் வரவில்லை, பந்தும் வரவில்லை.

நம்மைப் போல தமிழ்த் தொழிலாளர்கள் வாழும் மூணாறு என்ற இடம் கேரளாவில் இருக்கிறது. அங்கேயும் தேயிலைதான். அங்கே தோட்டங்களுக்கிடையில் ஃபின்லே கேடயத்துக்கான உதைபந்தாட்டப் போட்டி 1941இல் தொடங்கி, பல தலைமுறை கண்டுவிட்டது. தகப்பன் ஆடிய தோட்ட டீமில் மகன் ஆடுகிறான். கம்பனி கை மாறியும் போட்டி கை மாறவில்லை. 2005இல் அந்தத் தோட்டங்களை ஒரு புதுக் கம்பனி ஆக்கி, பெரும் பங்கை அங்கே வேலை செய்கிறவர்களுக்கே கொடுத்தார்கள். ஆனால் பங்குப் பத்திரம் கையில் இருந்தும், 2015இல் போனஸைக் குறைத்தபோது கொழுந்து எடுக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார வேண்டி வந்தது. ஏன்? கணக்குப் பார்க்கிற இடத்திலும் தீர்மானம் எடுக்கிற இடத்திலும் அவர்கள் இருக்கவில்லை. அதனால் பேரில் எழுதுவது ஒரு பாதி, கூட்டத்தில் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பது மறு பாதி. கழகத்துக்கும் அதேதான்.

ஆகவே, இன்றைய கூட்டத்தின் முன் சில காரியங்களை வைக்கிறேன்.

முதலாவது, கழகத்தைப் பதிய வேண்டும். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். இளைஞர் கழகமாக இளைஞர் சேவைகள் மன்றத்திலும் பதியலாம். பதிவதற்கு யாப்பு வேண்டும். அந்த யாப்பில் இப்படி ஒரு வசனம் எழுதுங்கள்: கழகத்தின் பேரையோ சொத்தையோ யாருக்கும் கொடுப்பதென்றால், அங்கத்தவர்களின் பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் கை தூக்க வேண்டும். மென்னிங் ரேஞ்சர்ஸின் சனத்துக்கு இல்லாமல் போனது இந்த ஒரு வசனத்தின் பலம்தான்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு கழகத்தின் பேரில் இருக்க வேண்டும். மூன்று பேர் கையொப்பக்காரர், அதில் இரண்டு பேர் போட்டால்தான் காசு எடுக்கலாம். மூவரில் ஒருவராவது தோட்டத்திலேயே வேலை செய்யும் ஒரு தாயாக இருக்கட்டும். சீட்டு நடத்திச் சதம் பிசகாமல் கணக்கு வைத்திருக்கிற தாய்மார் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

மூன்றாவது, வரவு செலவை மாதம் ஒரு முறை ஒரு தாளில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். பந்து வாங்கியது எவ்வளவு, தேநீருக்கு எவ்வளவு, எல்லாம். ஒளிவு மறைவு இல்லாத இடத்தில் சனம் சந்தா கொடுக்கத் தயங்காது.

நான்காவது, கொடுக்கிறவரிடம் வாங்குங்கள், பேரை மட்டும் விற்காதீர்கள். உடுப்புக் கொடுத்தவருக்கு நன்றிக் கடிதம் போதும். நெஞ்சில் தோட்டத்தின் பேர் இருக்கட்டும்.

ஐந்தாவது, கழகம் பொடியன்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பிள்ளைகளுக்கு வலைப்பந்தும் கரப்பந்தும் வேண்டும். மைதானம் பின்னேரத்தில் ஒரு பகுதி அவர்களுக்கு என்று எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் அது நடக்காது, இதைத் தாய்மார் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக மைதானம். மென்னிங் ரேஞ்சர்ஸ் காலத்தில் சனத்தைத் தடுக்க நினைத்தவர்கள் முதலில் கை வைத்தது மைதானத்தில். நம்ம தோட்டத்தில் தட்டையான நிலம் கொஞ்சம்தான். வீடு கட்டவும் அந்த இடம்தான் கண்ணில் படும், ரோட்டு வெட்டவும் அந்த இடம்தான். வீடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மைதானம் மைதானமாகவே வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்று முகாமையாளர் அவர்களிடம் கழகத்தின் பேரில் ஒரு கடிதம் இன்றைக்கே கொடுங்கள். அவர் இங்கேதான் இருக்கிறார், நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்.

தம்பிமாரே, உங்களில் பாதிப் பேர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் தோட்டத்துக்கு வருகிறவர்கள் ஆகிவிட்டீர்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது, பிழைப்பு அப்படி. போகும்போது கொப்பியையும் சாவியையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் திரும்பி வருகிற பொங்கலுக்கு ஆட ஒரு டீம் இங்கே இருக்க வேண்டுமென்றால் அதுதான் வழி.

தேநீர் முடிந்ததும் யாப்பை வாசித்து நிறைவேற்றுவதாக நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. தேநீரோடு யாரும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வாசிக்கும்போது விளங்காத வசனம் இருந்தால் கையைத் தூக்கிக் கேளுங்கள். விளங்கிய பிறகு ஒப்பம் வையுங்கள்.